மூணு பிளக், ஒரு சந்தேகம்

உங்களிடம் கார் இருக்கிறதா? பைக்? சரி, ஒரு ஸ்கூட்டராவது? இருந்தால் ஒரு கேள்வி. அதன் ஸ்பார்க் பிளக்கைக் கடைசியாக எப்போது உங்கள் கண்ணால் பார்த்தீர்கள்?

'அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பார் சார், எனக்கு எதுக்கு?' என்பீர்கள். நாற்பத்து நாலு வயது வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷக் குளிர்காலத்தில் குன்னூரில் ஒரு நாள் காலை, முதல்முறையாகக் கையில் ஸ்பேனரைப் பிடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குக் கொஞ்சம் மெக்கானிசம் தெரிந்தது. என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்தது. இரண்டாவது அவ்வளவு சந்தோஷமான சமாசாரம் இல்லை.

முதலில் பிளக். சுட்டுவிரல் நீளம்தான் இருக்கும். மேல்பாதி வெள்ளைப் பீங்கான், கீழ்பாதி மரையுள்ள இரும்பு, அடியில் ஒரு முனை, அதன்மேல் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே சுமார் முக்கால் மில்லிமீட்டர் சந்து. பேட்டரி தரும் 12 வோல்ட்டைக் காயில் பத்தாயிரங்களுக்கு ஏற்றி அனுப்ப, அந்தச் சந்தில் ஒரு பொறி தாவுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த புகை தீப்பிடிக்கிறது. பிஸ்டன் கீழே இறங்குகிறது. உங்கள் கார் நகர்கிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,500 தடவை பொறி விட வேண்டும். அதாவது நொடிக்கு 25. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் நூறு தாண்டியிருக்கும். நூறு ரூபாய் சாமானுக்கு இவ்வளவு உழைப்பு!

எங்கள் கார் 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வைத்தது. அப்பாவின் கார். அப்பா ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆகி, குன்னூரிலேயே வீடு கட்டிக்கொண்டவர். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளியே வந்தபோது பேப்பரில் படம் பார்த்து ஆசைப்பட்டவர், பதினைந்து வருஷம் சீட்டுக் கட்டி வாங்கினார். அந்த மாடலை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். காரும் அம்மாவும் குன்னூரில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் சென்னையிலிருந்து போய் அங்கேயே சில மாதம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

காரை இருபது வருஷமாகப் பார்த்துவந்தவர் ஒரு மெக்கானிக் அண்ணன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். வயது அறுபது இருக்கும். தகரக் கூரை போட்ட ஷெட். ஒரு பையன் உதவிக்கு. அங்கே ஏர் ஃபில்டர், ஆயில், மூன்று பிளக் (மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று பிளக்) மாற்றினேன். பில் என்று ஒன்றும் கிடையாது. சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கார் இருமியது. ஸ்டார்ட் ஆனாலும் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போல ஒரு ஜர்க்.

சரி, இந்த முறை நாமே பார்ப்போம் என்று தோன்றியது. வீடியோ பார்த்தேன். பஜாரில் பிளக் ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். நீங்களும் செய்வதாக இருந்தால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். பிறகு பிளக் செலவு எங்கே, ஹெட் செலவு எங்கே! பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். வொயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் ரப்பர் தொப்பியைப் பிடித்து இழுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வொயர். மூன்றையும் கழற்றிவிட்டு எது எங்கே என்று விழிக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது விரலால் மட்டுமே திருக ஆரம்பியுங்கள். இறுகினால் மரை கோணலாகப் போகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி. முட்டியதும் ஸ்பேனரைப் போட்டு, புது பிளக் என்றால் சுமார் அரைச் சுற்று. அதற்குமேல் உங்கள் வீரத்தைக் காட்ட வேண்டாம்.

முதல் பிளக் 'கிரீச்' என்று ஒரு முனகலோடு வெளியே வந்தது. பார்த்தேன். கன்னங்கரேல். அடுப்புக்கரி பூசியது மாதிரி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

வீடியோவில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். நல்ல பிளக்கின் முனை இளம் பழுப்பு நிறத்தில், காபியில் பால் கொஞ்சம் தூக்கலாக விட்டது போல இருக்கும். கறுப்பு என்றால் கோளாறு. என் கையில் இருந்தது கறுப்பு. மூன்று வாரம் முன்னால் போட்ட 'புது' பிளக் கறுப்பா? வேறென்ன, பழைய பிளக்கையே துடைத்து மாட்டிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கியிருக்கிறார்.

இந்த முடிவுக்கு வர எனக்கு எத்தனை நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? பத்து விநாடி.

கரிக்கையோடு நேரே ஷெட்டுக்குப் போனேன். அங்கே பையன் இருந்தான். ஜீப் ரிப்பேருக்கு வந்திருந்த டிரைவர் ஒருவரும் இருந்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லார் எதிரிலும், ''அண்ணா, புது பிளக்குக்குக் காசு வாங்கிட்டு பழசையே மாட்டியிருக்கீங்களே, நியாயமா?'' என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மூன்று பிளக்குக்கான காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டேன். தப்பு செய்தவன்தானே பேசாமல் திருப்பித் தருவான் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதே பஜாரில், கம்பெனி அட்டைப்பெட்டி பிரிக்காத மூன்று புது பிளக் வாங்கி நானே மாட்டினேன். கார் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. அடுத்த மூன்று வாரம் எனக்கு ஏற்பட்ட பெருமையைக் கேட்காதீர்கள். போன் பண்ணியவர்களுக்கெல்லாம் பிளக் புராணம்தான்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப்படி பார்த்தால் நான் செய்தது முட்டாள்தனம். ஒரு மணி நேரம் கட்டுரை எழுதினால் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்கு மெக்கானிக் அதைப் பத்து நிமிஷத்தில் செய்வார். அவரவர் வேலையை அவரவர் செய்தால் எல்லாருக்கும் லாபம் என்பதை ஆடம் ஸ்மித் 1776-லேயே ஒரு குண்டூசித் தொழிற்சாலையை வைத்துச் சொல்லிவிட்டார். ஆனால், அவர் சொல்லாமல் விட்ட ஒரு சங்கடம் இருக்கிறது. அவரவர் வேலையை அவரவர் செய்ய ஆரம்பித்ததும், அடுத்தவர் என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. டாக்டர் சொல்லும் ஸ்கேன் தேவைதானா? பிளம்பர் மாற்றச் சொல்லும் மோட்டார் நிஜமாகவே எரிந்துவிட்டதா? தெரியாது. நம்புகிறோம். அல்லது நம்பாமல் காசு கொடுக்கிறோம். இரண்டுக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

இதைத்தான் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதினார். பழைய கார் சந்தை பற்றிய கட்டுரை. அமெரிக்காவில் ஓட்டைக் காரை 'எலுமிச்சம்பழம்' என்பார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சை என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காருக்கும் ஓட்டைக் கார் விலையே பேசுகிறான். நல்ல கார் வைத்திருப்பவன் இந்த விலைக்கு எதற்கு என்று சந்தையை விட்டே போய்விடுகிறான். மிச்சம் நிற்பது எலுமிச்சைகள். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைதான் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. (கட்டுரை திரும்பி வந்தால் மனம் உடையும் இளம் எழுத்தாளர்கள் கவனிக்கவும்.)

கல்லூரியில் படித்தபோது இதை ஏமாறுகிறவனின் கதை என்றே புரிந்துகொண்டேன். அந்த மூன்று வாரமும் அப்படித்தான் நினைத்தேன். நான் விழித்துக்கொண்டேன், இனி எவனும் ஏமாற்ற முடியாது!

நாலாவது வாரம் கார் மறுபடி இருமியது.

கழற்றினேன். கன்னங்கரேல். மூன்றும்.

இவை நானே பெட்டியைப் பிரித்து, நானே மாட்டிய பிளக்குகள். நடுவில் எந்த மெக்கானிக்கும் வரவில்லை. சந்தேகப்படுவதற்கு அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். அம்மாவுக்கு பானெட் திறக்கத் தெரியாது.

திண்ணையில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தவனிடம் அம்மா காபியை வைத்துவிட்டு, என்ன ஏதென்று கேட்டாள். சொன்னேன். ''மலையில எரியறது எல்லாம் அப்படித்தாண்டா. கீழ மேட்டுப்பாளையத்துல உங்க அத்தை வீட்ல மூணு விசில்ல வேகற பருப்பு இங்க அஞ்சு விசில் கேக்குது'' என்றாள். பருப்புக்கும் பிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால், சம்பந்தம் இருக்கிறது.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் குறைவு. அதனால்தான் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத் தாமதமாகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ பதினைந்து கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டருக்கு மலை, சமவெளி என்று தெரியாது. கீழே என்ன அளவில் பெட்ரோல் விடுமாறு துளை போட்டார்களோ, மேலேயும் கிட்டத்தட்ட அதே அளவில் விடும். ஆனால், வரும் காற்றின் எடை குறைவு. பெட்ரோல் மிஞ்சுகிறது, அரைகுறையாக எரிகிறது, கரியாகிறது, பிளக்கில் படிகிறது. இன்றைய கார்களில் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைக்க சென்சார் இருக்கிறது. அப்பாவின் கார் பழைய காலத்து ஆள். ஊருக்கேற்ப சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது.

இதோடு என் கைங்கரியமும் சேர்ந்தது. காலைக் குளிரில் சோக்கை முழுசாக இழுத்து ஸ்டார்ட் செய்வேன். சோக் என்பதே காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் ஏற்பாடு. அதைப் பாதி வழிவரை உள்ளே தள்ள மாட்டேன். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், இறக்கம். மார்க்கெட்டில் நிறுத்திவிடுவேன். பிளக்கின் முனை 450, 500 டிகிரிக்குச் சூடானால் மேலே படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அவ்வளவு சூடாக நான் அதை விட்டால்தானே!

அண்ணன் மாட்டிய அந்த மூன்று பிளக்குகளும் சாட்சிக்காக (ஆமாம், சாட்சிக்காக!) ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எடுத்துப் பெட்ரோல் விட்டுத் துடைத்தேன். பழைய பிளக் என்றால் நடுமுனையின் விளிம்பு பொறி பட்டுப் பட்டு மழுங்கி உருண்டிருக்கும். இவற்றின் விளிம்பு கூராக, அப்போதுதான் வெட்டியது போல இருந்தது. மேலே பீங்கான் பளிச்சென்று வெள்ளை, அச்சிட்ட எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. ஆறுமுகப் பட்டையில் துருவின் சாயல்கூட இல்லை. ஃபில்லர் கேஜ் வைத்து சந்தை அளந்தேன். அண்ணன் ஆக்ஸா பிளேடைச் செருகித்தான் கேப் பார்ப்பார், நான் அதை மனசுக்குள் கிண்டல் செய்ததுண்டு. மூன்றிலும் ஒரே அளவு, சரியான அளவு.

புத்தம் புது பிளக்குகள். அன்றைக்கு என் கையிலேயே இருந்த சான்று. நான் கறுப்பை மட்டும் பார்த்தேன்.

சந்தேகப்படுவது தப்பா? தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். பி.காம். ஆடிட்டிங் தாளில் எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. 1896-ல் லண்டனில், கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி சொன்னதாக மனப்பாடம் செய்து எழுதாத காமர்ஸ் மாணவன் கிடையாது. விழிப்பாக இரு, ஆனால், எதிரே இருப்பவன் திருடன் என்று தீர்மானித்துவிட்டுக் கணக்கைத் திறக்காதே. அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

என்னை உறுத்துவது நான் சந்தேகப்பட்ட வரிசை. கரியைப் பார்த்ததும் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டிருக்கலாம். மலையைச் சந்தேகப்பட்டிருக்கலாம். சோக்கை இழுத்தபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம். ஏன், பிளக் செய்த கம்பெனியைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கலாம். பத்து விநாடியில் என் விரல் போய் நின்றது தகரக் கூரைக்குக் கீழே அழுக்குச் சட்டையோடு இருந்த மனிதர் மேல். வீட்டில் மோதிரம் காணவில்லை என்றால் முதலில் யாரை நினைக்கிறோம்? கட்டிலுக்கு அடியில் தேடுவதற்கு முன்பே, பாத்திரம் தேய்க்க வருகிறவரின் முகம் வந்து போகிறதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். பிறகு மோதிரம் சோப்பு டப்பாவில் கிடைக்கும்போது அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஏனென்றால், நாம் வாய்விட்டுச் சொல்லவில்லையே! நான் வாய்விட்டுச் சொன்னவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணனின் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்குள்ள தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான தமிழர்களில் ஏராளமானோர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அவர் அம்மா கொழுந்து பறித்தவர். எப்போதோ டீ குடிக்கும்போது ஒரு தடவை சொல்லியிருக்கிறார்: கூடையைத் தராசில் மாட்டினால், இலை நனைஞ்சிருக்கு என்று தண்ணீர்க் கழிவு கழிப்பார்களாம். மழைநாளில் கழித்தால் சரி. வெயில் நாளிலும் கழித்தார்களாம். அம்மா தராசைப் பார்க்க முடியாதபடி முள் அந்தப் பக்கம் திரும்பியிருக்குமாம். அன்றைக்கு நான் அதைச் சுவாரசியமான தகவலாகக் கேட்டுக்கொண்டேன். ஹெட் கிளார்க் மகனிடம் அதை ஏன் சொன்னார் என்று யோசிக்கவில்லை.

இப்போது அக்கர்லாஃபுக்குத் திரும்ப வருகிறேன். அந்தக் கட்டுரையை நான் பாதிதான் படித்திருக்கிறேன் என்று பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தபோது புரிந்தது. அங்கே ஏமாறுகிறவன் மட்டுமல்ல, இன்னொருவனும் நஷ்டப்படுகிறான். நல்ல கார் வைத்திருப்பவன். தன்னுடையது நல்லது என்று அவனுக்குத் தெரியும். நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் எதிரே நிற்பவனுக்குப் பார்க்கத் தெரியாது. அண்ணனின் நிலைமை அதுதான். புது பிளக் போட்டார், கேப் சரியாக வைத்தார், மரை கெடாமல் இறுக்கினார். இதில் எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதவரை அவருடைய நேர்மையும் இன்னொருவருடைய ஃபிராடும் என் கணக்கில் ஒரே விலைதான். ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது ஏமாறாமல் இருப்பதற்காக என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நமக்காக ஒழுங்காக உழைக்கிறவருக்கு நாம் பட்ட கடன் அது என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் மடக்கலாம். 'எல்லா வேலையையும் கற்றுக்கொள்ள முடியுமா சார்?' முடியாது. குன்னூர் ஸ்டேஷனில் நின்று மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் 1899-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். அவர் கை எப்போது திருகும், எப்போது தளரும் என்று உள்ளே உட்கார்ந்து முறுக்கு சாப்பிடும் நமக்குத் தெரியாது. தெரியாமலேதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறோம். அங்கே நம்பிக்கை இல்லையென்றால் பயணமே இல்லை.

இன்னொரு சங்கடம், தெரிந்துகொள்ள நினைத்தாலும் விடமாட்டேன் என்கிறார்கள். என் நண்பரின் புதுக் காரின் பானெட்டைத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரிந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். இரிடியம் முனை, லட்சம் கிலோமீட்டர்கூட ஓடக்கூடியது. கோளாறு வந்தால் ஸ்கேனர் வேண்டும். ரிப்பேர் செய்யும் உரிமை என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்களுக்கென்று 2012-ல் ஓட்டுப்போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசும் 2022-ல் இதற்கு ஒரு கமிட்டி போட்டது. எலெக்ட்ரிக் காரில் பிளக்கே கிடையாது. அண்ணனின் ஷெட் இன்னும் எத்தனை நாள் என்று தெரியவில்லை.

அப்பா ஒரு நாளும் பானெட்டைத் திறந்ததில்லை. 'அவன் பார்த்துப்பான்' என்பார். இருபது வருஷம் ஒரே மெக்கானிக். நான் அவரைப் பெருந்தன்மைக்காரர் என்று எழுதி இந்தக் கட்டுரையை அழகாக முடித்திருக்கலாம். ஆனால், அப்பாவுடையது நம்பிக்கையா, அக்கறையின்மையா என்று எனக்கு இப்போதும் குழப்பம். வள்ளுவர் இதற்கென்று 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவது, ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம் என்று அதைக் கடைசிக் குறளில் முடிக்கிறார். மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் ராஜாவுக்குச் சொன்னது. முதல் பாதியை அப்பா செய்தார், இரண்டாம் பாதியை நான் செய்தேன். இருபது வருஷம் தேறிய ஒருவரைப் பத்து விநாடியில் கவிழ்த்தேன். ஆனால், அப்பா ஒரு தடவையாவது, 'இது என்னப்பா, எப்படி வேலை செய்யுது?' என்று கேட்டிருந்தால் அண்ணன் எவ்வளவு சந்தோஷமாக விளக்கியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

இரண்டு நாள் ஒத்திப்போட்டேன். மூன்றாம் நாள் பிஸ்கட் டப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். பையன் இருந்தான். ஜீப் டிரைவர் இல்லை. அவரைத் தேடிப்பிடித்து நிறுத்த முடியாது. அவர் மனசில் அண்ணன் இன்னும் பிளக் திருடியவராகவே இருக்கலாம். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

''தப்பு என்னுதுண்ணா. பிளக் புதுசுதான். மலையினால கரி புடிச்சிருக்கு, நான்தான் சோக்கோட ஓட்டிருக்கேன்'' என்றேன்.

அண்ணன் டப்பாவைத் திறந்து ஒரு பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ''மேல வெள்ளையா இருந்துச்சே, பாக்கலையா?''

''பாக்கலண்ணா. அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே?''

''நீ கேக்கலையே தம்பி. வந்து சொல்லிட்டுப் போன.''

காரைத் திறந்து கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்குரூவை, காதைச் சாய்த்துக் கேட்டபடி, கொஞ்சமே கொஞ்சம் திருகினார். நான் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அந்த மூன்று பிளக்கையுமே சுத்தம் செய்து மாட்டினார். ''வாரத்துல ஒருநாள் பர்லியாறு வரைக்கும் இறங்கி ஏறு. ஏத்தத்துல செகண்ட் கியர்ல வந்தா கரி தானா எரிஞ்சிரும். அம்மாவையும் கூட்டிட்டுப் போ, பாவம், எவ்வளவு நாள்தான் வீட்டுக்குள்ளேயே இருப்பாங்க'' என்றார்.

முந்நூறு ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்பார், வற்புறுத்த வேண்டியிருக்கும், அந்த வற்புறுத்தலில் என் மனசு கொஞ்சம் லேசாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் வாங்கிக்கொண்டார். எண்ணினார். சட்டைப் பையைத் துழாவி இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

''அன்னிக்கு நான் குடுத்தது இருநூத்தி எண்பது'' என்றார்.